திருத்தச் சுற்று

வீடில்லாதவர்களை எண்ணும் இரவு.
பிப்ரவரி கடைசி நாள்.
எனக்கு விழுந்தது சோதனைச்சாவடியிலிருந்து
கரும்பு எடைமேடை வரை நானூறு மீட்டர்.
டார்ச் சொந்தச் செலவு.
தலையாரி சென்ராயன் அரசாங்கச் செலவு.

லாரிக்கு அடியில் ஒரு கிளீனர்.
வீடு இருக்கா தம்பி?
இருக்கு. அதுல அண்ணன் இருக்காரு.
அதற்குக் கட்டம் இல்லை.
கொசுவத்தியை மிதிக்காமல் நகர்ந்தோம்.

எடைமேடையோரம், கரும்பு வெட்ட வந்தவர்கள்
ஒரே தார்ப்பாய்க்குள்.
எழுப்பப் பாவமாயிருந்தது;
வெளியே நீட்டிய கால்களை எண்ணி
இரண்டால் வகுக்கலாம் என்றார் சென்ராயன்.
இருபத்தொன்று வந்தது.
இன்னொரு முறையும் இருபத்தொன்று.
பிறகுதான் தலைமாட்டில் சாத்திவைத்த
ஊன்றுகோலைப் பார்த்தோம்.

எல்லைக் கல்லில் ஒருத்தன், நல்ல போதை.
இடுப்பு வரை நாங்கள்,
இடுப்புக்குக் கீழே அவர்கள்.
அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு டார்ச் வந்தது:
நாகபூஷணம், நகரிப் பக்கத்து வாத்தியார்.
"மீவாடா, மாவாடா?"
தலை இங்கே இருக்கிறது சார்,
எண்ணச் சொன்னது தலையைத்தானே என்றேன்.
பேசிக்கொண்டிருக்கும்போதே புரண்டு
ஆந்திராவுக்குப் போய்விட்டான்.
நாகபூஷணம் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

மணி பன்னிரண்டு.
அடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை,
சென்ராயனின் போன் காட்டியது.
கையேட்டின்படி
இந்தக் கணத்தில் மூச்சு விடுகிறவர்கள் மக்கள்தொகை.
முன்பே போனவர் இல்லை.
பின்பு வருகிறவரும் இல்லை.

மறுநாளிலிருந்து ஐந்து நாள் திருத்தச் சுற்று.
அதே நூற்றுப் பதினேழு வீடு, அதே நாய்கள்.
பிறப்பு உண்டா, இறப்பு உண்டா,
புதிதாக யாராவது வந்து தங்கினார்களா.

நாற்பதாம் வீட்டு தேசம்மா
தாய்மொழிப் பத்தியை மாற்றச் சொன்னாள்.
போன வாரம் தெலுங்கு என்றாயே?
ஆமா, எருமைகிட்ட தெலுங்குதான்.
கடன் வாங்கறது தெலுங்குல,
கட்டறது தமிழ்ல.
எதை எழுதினா எங்க தெருவுக்கு ரோடு வருமோ
அதை எழுதிக்குங்க டீச்சர்.
நான் எதையும் மாற்றவில்லை.
ரோடும் வரவில்லை என்பதை
இங்கே மட்டும் எழுதுகிறேன்.

எண்பத்து மூன்றாம் வீடு.
வாசலில் பச்சை ஓலை, வாடகை நாற்காலி.
குப்புரெட்டி, விடியற்காலை மூன்றரைக்கு.
அடித்துவிடாதீர்கள் என்று கையேட்டைப் புரட்டினேன்.
அவர் இருக்கிறார்.
அடுத்த கணக்கு வரும்வரை
எழுபத்திரண்டு வயதில், விவசாயி என்று, இருக்கிறார்.
அவர் மனைவி கங்குலம்மா
மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
அப்ப அவரு பென்சன் வருமா?
அது வேற ஆபீஸும்மா.

அறுபத்தொன்றில் ஒரு பெண் குழந்தை.
ஆஸ்பத்திரிச் சீட்டில்
பன்னிரண்டு மணி இருபது நிமிடம்.
சேர்க்க முடியாது என்றேன்.
தகப்பன் பாலகங்கன், விசைத்தறி ஓட்டுகிறவன்,
காதில் பஞ்சோடு நின்றான்.
இருபது நிமிஷம்தானே, யாருக்குத் தெரியும்?
எனக்குத் தெரியும்.
பேனா மூடியைக் கழற்றி
மறுபடி மாட்டினேன்.

தாலுகா ஆபீஸில் கூட்டிப் பார்த்தார்கள்.
ஐந்நூற்று நாற்பத்தாறு.
இன்று ஊரில் போய் நின்று எண்ணினாலும்
அதே ஐந்நூற்று நாற்பத்தாறுதான் வரும்.
ஆள்தான் வேறு.

திரும்பும்போது பாலகங்கன் பஸ் நிறுத்தத்தில் மடக்கினான்.
சரி, அடுத்த தடவை வந்தா
பத்து வயசுன்னு போடுவீங்கல்ல?
யோசித்தேன்.
பூர்த்தியான வயதைத்தான் கேட்பார்கள்,
அதே நள்ளிரவுக் கணக்கு.
ஒன்பதுப்பா, என்றேன்.
இருபது நிமிஷம் குறையும்.