மூன்று கிலோ நானூறு

கானாடுகாத்தான். மார்கழிக் கடைசி. காலை ஐந்தரை.
நாளைக்குப் பதினெட்டு அறையும் நிரம்புமாம்,
அடைக்கப்பன் மூன்று தடவை சொல்லிவிட்டார்.
மெத்தைக் கதவுக்குப்
பதினோரு புள்ளிக்கும் பொதுவாக ஒரே சாவி.
அது ஆறாவது புள்ளியின் டிரைவர் பையில்;
டிரைவர் பள்ளத்தூரில், டீக்கடையில்.

ஏழேகாலுக்கு ஹீட் பம்ப் முன்னால் உட்கார்ந்தேன்.
விசிறி சுற்றுகிறது. கம்ப்ரசர் முனகுகிறது.
தொட்டியில் தண்ணீர் முப்பத்தொரு டிகிரி.
"கேஸ் கம்மி. போன மாசமே ரெண்டு தரம் ஏத்தினாங்க.
நீங்களும் ஏத்திட்டுப் போங்க, சகாயமேரி."

கேஜை மாட்டினேன்.
நீல முள் பதினைந்தில் படுத்துக் கிடந்தது.
இந்த இடத்தில்தான் எல்லோரும்
சிலிண்டரைத் திறக்கிறார்கள்.
சிவப்பு முள்ளோ இருநூற்று இருபது.
இல்லாதவன் இப்படித் தள்ள மாட்டான்.

நோட்டு கீழே வண்டியில். உள்ளங்கையில் எழுதினேன்:
சூப்பர்ஹீட் இருபத்துமூன்று,
சப்கூலிங் பதினேழு.
ஒரு சுருள் பட்டினி,
மறு சுருளில் கழுத்துவரை திரவம்.

குழாயைத் தடவிக்கொண்டே போனேன்.
சூடு, சூடு, சூடு,
டிரையர்,
அதைத் தாண்டி ஒரு சாணில்
விரல் ஈரமாகிவிட்டது.

கேஸை இறக்கினேன். பெயர்த்தகட்டில்
இரண்டு கிலோ இருநூறு.
தராசு மூன்று கிலோ நானூறில் நின்றது.
டிரையரை அறுத்துச் செய்தித்தாளில் தட்டினால்
கறுப்புச் செதில், நகக்கண் அழுக்கைப் போல.
யாரோ நைட்ரஜன் விடாமல் பற்றவைத்திருக்கிறார்;
செம்பு உள்ளுக்குள்ளேயே கருகி உதிர்ந்திருக்கிறது.

"அப்ப ஓட்டை?"
"ஓட்டையே இல்லைங்க. அடைப்பு."
நம்பவில்லை. தராசைப் பார்த்தார்.
"ஒன்னேகால் கிலோ நம்ம காசு. திருப்பி ஊத்திடுங்க."
"அழுக்காயிடுச்சு. புதுசுதான் போடணும்."
தராசைப் படமெடுத்துப்
பதினோரு புள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டார்,
பற்று என்றா வரவு என்றா,
நான் கேட்கவில்லை.

வேக்குவம் பம்ப் இரண்டு மணி நேரம் ஓடியது.
பின்கட்டில் யாரோ நம்பிக்கையில்லாமல்
அண்டாவுக்கு விறகு மூட்டும் வாசனை.

இப்போது மணி மூன்று இருபது.
தொட்டி நாற்பத்தெட்டு; ஏறுகிறது.
சுருளைத் தொட்டால் முழுக்க ஒரே குளிர்ச்சி.
குழுவில் பதில் வந்திருக்கிறதாம்,
பினாங்கிலிருந்து ஒருவர்:
மெத்தைச் சாவிக்கு நகல் ஒன்று எடுத்துவிடலாமா?

மற்ற பத்துப் பேரும்
இன்னும் பார்க்கவில்லை.