ஒரு கம்பி பாக்கி

வில்யாண்டியில் ஏரி உறைந்த வாரம்
உர்மாஸ் கூப்பிட்டார்.
பியானோவை இறக்க வேண்டும்,
நானூற்று நாற்பதிலிருந்து
நானூற்று முப்பத்திரண்டுக்கு.

எட்டே எட்டு அதிர்வு.
அந்த எட்டுக்குள்தான் நோய் குடியிருக்கிறதாம்.
சரியான எண்ணில் சுருதி வைத்தால்
எலும்பு கூடுமாம், உறக்கம் வருமாம்,
தண்ணீர்கூட அழகாய் உறையுமாம்.
ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தேன்.
யாரிடமும் எண் கேட்காமல்
உறைந்து கிடந்தது.

முப்பத்தொரு வருஷம் மர அறுவை ஆலை.
ரம்பம் ஓய்ந்து ஆறு வருஷமாயிற்று,
அவர் காதுக்குள் மட்டும் ஓயவில்லை.
ஈ என்று ஒரே இரைச்சல்,
சூப் குடிக்கையில், கோயிலில்,
ஹெல்வே ஏதோ சொல்ல வாயெடுக்கையில்.
பழகிக்கொள்ளுங்கள் என்றாராம் மருத்துவர்.
குணமாகும் என்றானாம்
கைப்பேசியில் யாரோ ஒருவன்.
நீங்களாயிருந்தால்
யார் பேச்சைக் கேட்பீர்கள்?

நான் அந்த எண்களை நம்புகிறவள் இல்லை.
லீலோ என்று பெயர், எங்கள் மொழியில் பாட்டு.
அது அம்மாவின் ஆசை, என் குற்றமில்லை.
ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்:
சாரெமாவுக்குப் போகும் படகில் ஒருமுறை
நாக்கு செத்த அக்கார்டியன் ஒன்றை
ஒரு குடிகாரன் வாசித்தான்.
எந்தக் கருவியில் வைத்து அளந்தாலும் தப்பான சுருதி.
கார்கள் நிற்கும் கீழ்த்தளத்துக்கு ஓடிப்போய்
டயரில் சாய்ந்து அழுதேன்.
எதற்கென்று இன்றுவரை தெரியாது.

வேலையைத் தொடங்கினேன்.
இருநூற்றுச் சொச்சம் கம்பி.
கம்பிக்கு ஞாபகம் அதிகம்;
இறக்கினால் பழைய இடத்துக்கே ஏறப் பார்க்கும்.
முதல் கட்டைக்கு மூன்று கம்பி:
நடுக்கம்பியை முப்பத்திரண்டில் நிறுத்திவிட்டு
வலதைக் கம்பளித்துண்டால் வாயடைத்து
இடதை மெல்லத் தளர்த்தினேன்.

இரண்டும் ஒன்றோடொன்று உரசி
படபடவென்று அடித்துக்கொண்டன.
எட்டு. பிறகு ஐந்து. மூன்று.
பிறகு நொடிக்கு ஒன்று,
தூங்குகிறவன் மார்பு போல
ஏறி, இறங்கி.

உர்மாஸ் எழுந்து வந்தார்.
நெற்றியைப் பெட்டியின் மரத்தில் வைத்தார்.
போச்சு, என்றார்.
நான் கையை எடுக்கவில்லை.
அந்தக் கட்டையையே அழுத்தினேன், மீண்டும், மீண்டும்.
சமையலறையிலிருந்து ஹெல்வே கத்தினாள்:
என்ன அது, மாடு முங்கிச் சாகிற மாதிரி?

இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன்.
அலை அடங்கியது.
சுத்தமான முப்பத்திரண்டு, ஊசிமுனை பிசகில்லை.
அவர் தலையை நிமிர்த்தினார்.
வந்துடுச்சு.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது.
அங்கேயே விட்டுவிட முடியாதா,
என்றார், அந்தத் தப்பிலேயே.

இருபத்திரண்டு வருஷத்தில்
தெரிந்தே ஒரு கம்பியைப் பிசகாக விட்டது
அன்றைக்குத்தான்.
பாதிப் பணம்தான் வாங்கினேன்.
புகைபோட்ட மீனை ஒரு செய்தித்தாளில் சுற்றித் தந்தார்;
கார் முழுக்க ஒரு வாரம் அந்த வாசனை.

மார்ச்சில் ஹெல்வேயிடமிருந்து அழைப்பு.
திட்டு விழும் என்றுதான் எடுத்தேன்.
அந்த ஒரு கட்டையைத் தாண்டித் தாண்டி
துதிப்பாட்டு வாசிக்கப் பழகிவிட்டாளாம்.
நடுராத்திரியில் அவர் எழுந்து வந்து
அதை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பாராம்,
இருட்டில், காலுறையோடு.

சற்று நிறுத்தி, தணிந்த குரலில் கேட்டாள்:
வெயில் வந்தால் கம்பி நகரும் என்கிறார்களே,
அது தானாகவே
சரியாகிவிடாதே?