வில்மாரின் கசப்பு

திங்கள் காலை ஒன்பதுக்கு மணி அடிக்கும்.
கீழே நிபியா.
நாற்பத்தேழு படி ஏறி, மூச்சு வாங்கி,
பூவுமில்லை, கேக்குமில்லை,
ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை நீட்டுவாள்.
மூடியைத் திறந்தால் ஈரச் சக்கை.
ஒரு வாரம் அவள் குடித்துத் தீர்த்த மாத்தே இலை.

எனக்கு வேண்டியது அதுதான்,
கம்பளி நூலுக்குச் சாயம்.
இந்த மொந்தேவீதேயோவில்
கையில் சுரைக்குடுக்கையும் கக்கத்தில் பிளாஸ்கும் இல்லாமல்
பேருந்து ஏறுகிறவர் யார்?
குடித்துவிட்டு எறிவதை என் பக்கம் எறியுங்கள் என்றேன்.
சம்மதித்தார்கள்.
மகள் ஃபியோரெல்லா மட்டும்
"நான் காபிதானே குடிக்கிறேன், அம்மா" என்று
காபிக் கசண்டை அனுப்பினாள்.
அதையும் வாங்கி வைத்தேன். பெற்ற கடன்.

மொட்டைமாடியில் ஐந்து பாத்திரம், ஐந்து பெயர்ச்சீட்டு.
படிகாரம் ஒரு கரண்டி.
கொதிக்கக் கூடாது, முணுமுணுக்க வேண்டும்.
நிபியாவுடையது சாம்பல் பூத்த பச்சை.
கொதிநீரை ஊற்றி இலையைச் சுட்டுவிடுகிறவள்,
முப்பது வருஷமாகச் சொல்லியும் கேட்டதில்லை.
மூன்றாம் மாடி ரூபெனுடையது எந்த நிறமும் தரவில்லை,
அவரைப் போலவே. நல்லவர், ஒட்டாதவர்.
தார்தோ ஆரஞ்சுத் தோல் போட்டுக் குடிப்பவன்.
நூல் பொன்னாகும் என்று சத்தியம் செய்தான்.
வந்தது பழைய பல்லின் நிறம்.
எனக்கு அதுதான் பிடித்தது.
மழைக்குப் பிறகு எங்கள் ஆறு அந்த நிறத்தில்தான் கிடக்கும்,
கடல் என்று நாங்கள் பீற்றிக்கொள்ளும் ஆறு.
நெய்துகொண்டிருப்பதும் அதைத்தான்.

வியாழனன்று நிபியாவோடு அருங்காட்சியகம்.
பெரிய ஓவியத்தின் முன்னால்
எல்லோரும் தளபதியின் முகத்தைப் பார்க்க
நாங்கள் அவர் குதிரையின் சேணத்துணியைப் பார்த்தோம்.
"இந்தத் தையல் பொய்" என்றாள் உரக்க.
காவலாளி இருமினார்.
வெளியே மழை.
மழையென்றால் பொரித்த ரொட்டி, கைவண்டியில், சுடச்சுட.
விரலெல்லாம் கொழுப்பு.
அன்று தறியைத் தொட முடியாது,
அந்தச் சாக்கும் இனித்தது.

இனிப்பு என்றதும் வில்மார்.
டாக்டர் சர்க்கரையை நிறுத்தி இரண்டு வருஷம்.
"கசப்பாகவே குடிக்கிறேன்" என்பார் என் கணவர்,
தியாகியின் முகத்தோடு.
நம்பினேன்.
அலசும் முன்பு ஒரு ராத்திரி ஊறட்டும் என்று
ஐந்து சிட்டத்தையும் கொடியில் தொங்கவிட்டேன்.
காலையில்
எறும்பு.
கைப்பிடிச் சுவரோரம், நூல் பிடித்தாற்போல,
நிபியாவைத் தாண்டி, தார்தோவைத் தாண்டி,
ரூபெனைத் திரும்பியும் பாராமல்
நேரே வில்மாரிடம்.
ஏறிய மறுநாளே வெளுத்தது சாயம்.

கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார்.
"எறும்புக்கு என்ன தெரியும்" என்றார்.
நான் ஒன்றும் பேசவில்லை.
என் பங்கையும் சேர்த்துத் தார்தோ பேசினான், மூன்று வாரம்.

அந்த நூலை அலசி,
ஆறு முடிந்து கரை தொடங்கும் இடத்தில்
ஒரு விரல் அகலம் ஊடு கொடுத்தேன்.
ஞாயிறு மதியம் இறைச்சி சுட எல்லோரும் வந்திருந்தார்கள்.
நாற்காலி முதுகில் துணியை விரித்ததும்
தட்டுகளை வைத்துவிட்டு மூக்கு உரச நின்றார்கள்.
எது நான்? இதில் எது நான்?
ஃபியோரெல்லா தன் காபியைக் கண்டுபிடித்து,
"என்னைப் படகாக்கிவிட்டாயே" என்றாள்,
கோபமா என்று தெரியவில்லை, கண் மட்டும் மினுங்கியது.
ரூபென் வெகுநேரம் தேடினார்.
வானத்தைக் காட்டினேன்.
வில்மார் தேடவே இல்லை,
கரியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

இந்தத் திங்கள் மணி அடிப்பதற்கு முன்பே
தன் டப்பாவோடு வந்து நின்றார்.
துளி எடுத்து நாக்கில் வைத்தேன்.
கசப்பு. சுத்தக் கசப்பு.
"பலே" என்று தோளில் தட்டினேன்.
கருவிப்பெட்டிக்கு அடியில்
இரண்டாவதாக ஒரு சுரைக்குடுக்கை இருப்பது
எனக்குத் தெரியும்.
எறும்புக்கும்.