மாதிரி எண் ஏழு

அறுபது மணி நேரச் சேவை, இரண்டு கிரெடிட்.
வேதியியல் இரண்டாமாண்டில் நாங்கள் ஆறு பேர்
காரைக்குடியிலிருந்து காலை ஏழே காலுக்கு
நரிவயல் போகும் ஒரே பேருந்தில்
காலி பாட்டில்களை மடியில் வைத்து
பிள்ளை மாதிரிப் பிடித்துக்கொண்டு போனோம்.

பொட்டல். சீமைக்கருவேலம்.
செம்மண்ணில் அறைந்து நிறுத்திய கைபம்புகள் ஒன்பது.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு லேபிள், ஒரு மூடி.
கிட்டிலிருந்து ஐந்து சொட்டு விட்டால் போதும்:
நீர் இளஞ்சிவப்பாகவே நின்றால் குடிக்கலாம்,
மஞ்சளுக்குச் சாய்ந்தால் ஃப்ளூரைடு.

ஏழாவது பம்பு கீழத்தெருவில்.
மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள்,
மங்கலத்துக்கு ஆகாத மஞ்சள்.
ரிஸ்வானா சொல்ல நான் எழுத,
இடுப்புக் குடத்தை இறக்காமலே பஞ்சவர்ணம் கேட்டாள்:
"போன வருசமும் இப்படித்தான்
பாட்டில்ல புடிச்சுக்கிட்டுப் போனீக.
தண்ணி என்ன சொல்லுச்சு?"

வந்தது நாங்கள் இல்லை, சீனியர்கள் என்றேன்.
"எங்களுக்கு எல்லாம் ஒரே கலர் ஐடி கார்டுதான்."

பேனரோடு படம் எடுக்கும்போது
சிரிங்க, என்றான் சேவுகன்.
அவள் மகள் சிரித்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.
விரலிடுக்கில் தெரிந்த பல்லில் பழுப்புக் கோடுகள்,
டீ சிந்திய கோடு போட்ட தாள் மாதிரி.

துறையின் இரும்பு அலமாரியில்
உடைந்த பிப்பெட்டுகளுக்கும் செத்த பல்லிக்கும் நடுவே
கிடைத்தது போன வருடம்.
ஸ்பைரல் பைண்டிங். ஐம்பதுக்கு நாற்பத்தாறு.
பக்கம் முப்பத்தொன்று, அட்டவணை நான்கு.
மாதிரி எண் ஏழு: 2.6
அனுமதிக்கத்தக்க அளவு: 1.5
முடிவுரை: மேலும் ஆய்வு தேவை.

மேலும் ஆய்வுதான் நாங்கள்.

நாளைக்கு எத்தனை குடம், வருடத்துக்கு எத்தனை
என்று தட்டப்போன கால்குலேட்டரை
மூடி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம்.
அந்த மணிகளுக்குப் பதிவேட்டில் இடமில்லை,
அறுபது எப்போதோ முடிந்துவிட்டது.
அட்டையில் பெரிய எழுத்தில் எழுதியதை
தெருவில் நின்று வாசித்தேன்:
ஏழாம் எண் குடிக்கவும் உலை வைக்கவும் ஆகாது,
துவைக்கலாம், குளிக்கலாம். மூன்றாம் எண் நல்ல தண்ணீர்.
பஞ்சவர்ணம் நன்றி சொல்லவில்லை.
நான் அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் என்பது
அவள் பேசாமல் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

"மூணாம் நம்பரு மேலத்தெரு பம்பு" என்றாள்.
அவ்வளவுதான். மீதியை யாரும் சொல்லவில்லை.

எங்கள் படிவத்தில் வயது உண்டு, வருமானம் உண்டு,
கழிப்பறை உண்டா என்பதும் உண்டு. எழுபது கேள்விகள்.
ஏழுக்கும் மூன்றுக்கும் நடுவே இருநூற்றுப் பத்து மீட்டர்
என்று டேப் பிடித்து அளந்தவர்களும் நாங்கள்தான்.

திங்கள். சிவகங்கை. குறைதீர் நாள்.
டோக்கன் நூற்று நாற்பத்தெட்டு.
மனுவை எழுதியது நான், பிழை பார்த்தது ரிஸ்வானா,
கைநாட்டும் கையெழுத்துமாய் இருபத்து மூன்று பேர்.
கல்லூரியில் இந்நேரம் இன்டர்னல் தேர்வு,
பாடம்கூடத் தெரியும்: நீரின் கடினத்தன்மை.

பஞ்சவர்ணம் கட்டைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள்.
லேபிளில் அவள் மகளின் எழுத்து.
இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர்,
நாங்கள் எழுதும் அதே வரிசையில்.
"நம்பலைன்னா ஒரு மடக்கு குடிச்சுப் பாக்கச் சொல்லுவோம்"
என்று வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.

நூற்று முப்பத்தொன்று, என்று கூப்பிட்டார்கள்.
கிட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
சொட்டு இன்னும் நாலைந்து தடவைக்கு வரும்.