இரண்டாம் மாடி, மூன்றாவது ஜன்னல்

துர்க்கு நகரத்து இசைப்பள்ளியில்
பதினொரு ஜன்னல்களுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.
அக்டோபர். ஆற்றிலிருந்து வந்த காற்று
கையுறைக்குள்ளும் கை நீட்டியது.

இரண்டாம் மாடி, மூன்றாவது ஜன்னல்.
பழைய கண்ணாடியைக் கழற்றியதும்
உள்ளிருந்து அது வெளியே வந்தது.
வேறெப்படிச் சொல்ல,
நாளெல்லாம் அடைபட்டுக் கிடந்த நாய்
கதவு திறந்ததும் நம் முழங்காலில் வந்து மோதுமே,
அப்படி.

ஒரு பெண். கம்பளிக் காலுறை, செருப்பில்லை.
தன்னைவிடக் கொஞ்சமே குட்டையான செல்லோவை
முழங்கால்களுக்கிடையே நிறுத்தி
ஒரே இடத்தை வாசித்தாள். நிறுத்தினாள்.
தலையை ஆட்டினாள். மறுபடி அதே இடம்.
நான் எண்ணினேன். எண்ணுவது என் தொழில்,
இரண்டு மில்லிமீட்டர் பிசகினால்
கண்ணாடி சட்டத்தில் உட்காராது.
பத்தொன்பது முறை.

எட்டாவது முறை வரை எனக்கு அது சத்தம்.
ஒன்பதாவதில்
ஏறிப்போன சுரம் இறங்குமுன் ஒரு நொடி தயங்கியது,
ஏணியின் கடைசிப் படியிலிருந்து
கால் தரையைத் தேடுகிற நொடி.
முப்பத்தோரு வருடமாக அது
என் காலுக்குத் தெரியும்.
காதுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

"குளிருமே, மூடிவிடட்டுமா?" என்றேன்.
"குளிர்தான். அதற்குள் இன்னொரு தடவை" என்றாள்.

அளவு சரியாகத்தான் இருந்தது.
இருந்தும் டேப்பை மீண்டும் பிடித்தேன்,
பட்டியை விரலில் உருட்டிக்கொண்டே நின்றேன்.
கீழே வேனில் எஸ்கோ ஹாரன் அடித்தான்.
அதுவும் என்ன சுரமோ.
இரட்டைக் கண்ணாடி, நடுவில் ஆர்கான்.
பொருத்தி அழுத்தினேன்.
வில் மட்டும் போய்ப் போய் வந்தது.
என் வேலை அவ்வளவு சுத்தம்.

*

நூலகத்தில் ஐலா கேட்டார்,
"யாருடைய இசை வேண்டும்?"
"செல்லோ. ஏறும், தயங்கும், இறங்கும்."
அவர் சிரிக்கவில்லை.
"அப்படி நிறைய இருக்கிறது" என்று
ஆறு குறுந்தகடுகளைத் தந்தார்.
அதில் ஒன்றின் உறையில் செல்லோ,
உள்ளே யாரோ மாற்றி வைத்த ஜாவாத் தீவின் காமெலான்.

வேனில் போட்டதும்
பின்னால் சரக்கு சரிந்துவிட்டதென்று
திரும்பிப் பார்த்தேன். எதுவும் உடையவில்லை.
"நிறுத்து" என்றான் எஸ்கோ. "இரு" என்றேன்.
வெகுநேரத்துக்கு ஒருமுறை பெரிய மணி ஒன்று.
அது விழும்போதெல்லாம்
சிதறிக் கிடந்ததெல்லாம் ஒரு சட்டத்துக்குள் வந்தது.

பிறகு வரிசையே இல்லை.
ஒரே தொண்டையில் இரண்டு பேராகப் பாடும் மங்கோலியர்.
ஜிம்பாப்வேயின் ம்பிரா:
நாக்கு நாக்காய் இரும்பு, கூடவே கறகறக்கட்டும் என்று
வேண்டுமென்றே கோத்த புட்டிமூடிகள்.
கறகறப்பை நிறுத்தத்தானே
இத்தனை காலம் பட்டி வைத்தேன்!
தென்னிந்தியாவிலிருந்து நெடிய குழல் ஒன்று,
பெயரை ஐலாவாலும் சொல்ல முடியவில்லை.
இரட்டைக் கண்ணாடி போதாது, இதற்கு.
ஒரு சிம்பொனியில் பாதியிலேயே தூங்கிப்போனேன்.
யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

*

பிப்ரவரியில், பனி அள்ளிவிட்டு வந்த இரவு,
அந்த இடம் கிடைத்தது.
அதேதான்; பத்தொன்பது முறை கேட்டவனுக்குத் தப்பாது.
ஏறியது. இறங்கியது.
தயங்கவில்லை.

வேறு மூவர் வாசித்ததையும் வாங்கிக் கேட்டேன்.
ஒருவரும் தயங்கவில்லை.
அப்படியானால் அன்று அவள்
விரல் வைக்க இடம் தேடியிருக்கிறாள்.
அதைத் திருத்தத்தான் அத்தனை முறை.
இந்நேரம் திருத்தியும் இருப்பாள்.

"கிடைத்ததா?" என்றார் ஐலா.
"கிடைத்தது. அதில் இல்லை" என்றேன்.
இன்னொரு வாரத்துக்கு முத்திரை குத்தித் தந்தார்.

வேனில் அதுதான் ஓடுகிறது.
அந்த இடம் வரும்போது
என் கால் தானாகவே பிரேக்கைத் தொடுகிறது.
பின்னால் வருபவன் ஹாரன் அடிக்கிறான்.