முன்மொழிபவர்

டெபாசிட் பணம் முழுக்கப் பத்து ரூபாய்த் தாள்கள்.
எஸ்டேட் பெண்கள் முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தவை,
கொழுந்து வாடையோடு.

கூடலூர் ஒன்றிய அலுவலகத்தில்
எழுத்தர் கேட்டார்:
"வீட்டுக்காரர் வரலையா?"

சிவபாக்கியம் குனிந்து
கணுக்காலில் கடித்துக்கொண்டிருந்த அட்டைக்கு
உப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.
நான்தான் சொன்னேன்,
பிள்ளைக்குக் காய்ச்சல், பார்த்துக்கிறாரு.

பொய்.
அச்சடிக்கப்போகும் சுவரொட்டியில்
தன் படம் சின்னது என்று
போர்த்திப் படுத்திருக்கிறார் மனுஷன்.

முன்மொழிபவர் என்ற இடத்தில்
என் பெயரை எழுதினேன்.
சம்பளப் பதிவேட்டுக்கு வெளியே
முதல் கையெழுத்து.
'ஜெ' கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

பத்து நாள் கழித்துச் சின்னம் வந்தது:
சீப்பு.

"பேன் பார்க்கிற கட்சின்னு சிரிப்பானுங்க ஜெபமணி" என்றேன்
எனக்கு நானே, சத்தமாக.

மழையில் நனைந்த கூந்தலைப் பிழிந்தபடி
அவள் சொன்னாள்:
"சிரிக்கட்டும்.
பஞ்சாயத்துல பேன் இருக்குதானே."