கேத்தல், இலக்கம் ஏழு

மல்லாவிச் சந்தியில்
கொப்பி எடுக்கிற கடை என்னுடையது.
பக்கம் இருபது ரூபா,
இரண்டு பக்கமும் என்றால் முப்பது.
மெஷினுக்குப் பின்சுவரில் தொங்குவது
முகாமில் எங்களுக்குக் கூரையாயிருந்த தறப்பாள்.
நீல எழுத்து மங்கி
தந்தது யாரென்று இப்போது வாசிக்க முடியாது.
அதிலேதான் குத்தி வைத்திருக்கிறேன்
இருநூற்றுப் பதினாலு தேர்தல் பட்ஜ்.

தகரத்தில் அடித்தவை, பிளாஸ்டிக்கில் அடித்தவை,
காசில்லாத குழு ஒன்று
சவர்க்காரப் பெட்டி மட்டையை வெட்டி
குண்டூசியோடு கொடுத்தது.
ஏணி, தராசு, கோடாலி,
அச்சகத்தான் மை கூட விட்டதில்
காகமாகிப்போன ஏதோவொரு பறவை.
மிச்சமெல்லாம் சிரிக்கிற முகங்கள்.
பல்லில் துரு பிடித்தால்
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பேன்.

வென்றவரை நான் தேடுவதில்லை.
அவர் மதிலில் இருப்பார், கலண்டரில் இருப்பார்,
தண்ணியில்லாத கிணற்றின்
திறப்புவிழாக் கல்லிலும் இருப்பார்.
தோற்றவன்
வாக்கெண்ணி முடிந்த காலையிலேயே
கானுக்குள் கிடப்பான்.
குப்பை டிராக்டர் வர முதல்
ஆறு மணிக்கே சைக்கிளில் போகவேணும்.
துணுக்காய் றோட்டில் ஒருக்கா
எருமை மிதித்த குழியிலிருந்து
முழுசாய் ஒரு வேட்பாளரைக் கிளறியெடுத்தேன்.
கண்ணுக்குள் மட்டும்தான் சேறு.

நீர் எந்தக் கட்சி என்று கேட்டான்
மடிப்புக் கலையாத சேட்டோடு வந்த ஒருவன்.
எல்லாம் என்றேன்.
எல்லாம் என்றால் ஒன்றுமில்லையே என்றான்.
வரிசை வரிசையாய்ப் படம் பிடித்தான்.
பிறகு,
இதைவிடப் பழசு ஏதும் இருக்கோ?

இல்லை.

இதைவிடப் பழசை
எங்களுக்கே தெரியாத இடத்தில்தான்
நாங்கள் வைத்துவிட்டு வந்தோம்.
அவனுக்கு அதைச் சொல்லவில்லை.
போகும்போது ஒரு பேனை வாங்கினான்,
மிச்சக்காசை எண்ணிக் கொடுத்தேன்.

போன மாசம் மழைக்கு ஒதுங்கினார் ஒரு மனிசன்.
வவுனிக்குளத்தில் மதகு திறந்து மூடி
பென்ஷன் எடுத்தவர், தர்மகுலசிங்கம்.
மகளின் காணி உறுதி, நாலு கொப்பி.
கண்ணாடிக்கடியில் வெளிச்சம் போய்வர
தறப்பாளைப் பார்த்தபடி நின்றவர்
கிட்டப் போனார், குனிந்தார்.
கீழிருந்து மூன்றாம் வரி,
கேத்தல் சின்னம், இலக்கம் ஏழு.

இது நான், என்றார்.

முகத்தைப் பார்த்தேன், பட்ஜைப் பார்த்தேன்.
பட்ஜில் மீசை இருந்தது.

அறுபத்தொரு வாக்கு, பிள்ளை.
எங்கட வீட்டிலயே ஒன்பது பேர்.
அந்த ஒன்பதும் விழுந்ததோ எண்டு
இண்டைக்கும் நான் கேட்கேல்ல.
அடிச்சது ஐந்நூறு பட்ஜ்,
மனிசி மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டவள்.
ஒரு கிலோ நானூறு கிராம் நிண்டது.

இதைத் தாவன், காசு தாறன் என்றார்.
என்னிடமும் அது ஒன்றே ஒன்று.
இரக்கம்
சேகரிக்கிறவர்களைப் பிடிக்கக்கூடாத வியாதி.
கழற்றினேன்.
வாங்கி உள்ளங்கையில் வைத்திருந்தார்,
குத்திக்கொள்ளவில்லை.
பிறகு மெஷினைக் காட்டி,
இதையும் ஒரு கொப்பி எடுக்கேலுமோ?

கண்ணாடியில் குப்புற வைத்தேன்.
மூடி முழுதாய் மூடவில்லை,
வெளிச்சம் பக்கத்தால் வழிந்தது.
தாளில் கேத்தல் கறுத்து வந்தது
அடுப்பில் பலநாள் இருந்ததைப்போல.
மீசை வந்தது. ஏழும் வந்தது.

கொப்பியை உறுதிக்குள் மடித்து வைத்தார்.
ஒறிஜினல் உன்னட்டயே கிடக்கட்டும்,
வீட்டில இருந்தால் திரும்பவும் நிறுத்துப் போடுவாள்.
இதுக்குக் காசு வேண்டாம் என்றேன்.
அப்பவும் கட்டுப்பணம் கட்டித்தான் தோத்தனான் என்று
இருபது ரூபாயை மேசையில் வைத்துவிட்டு
மழைக்குள் இறங்கினார்.

திரும்பக் குத்தப் போனால்
பழைய ஓட்டை அகப்படவில்லை.
பக்கத்தில் புதிதாய் ஒன்று போட்டேன்.
தறப்பாளில் இப்போது எத்தனை ஓட்டையென்று
பட்ஜை எண்ணிச் சொல்லமுடியாது.
வெளியே மழை விடவில்லை.
நல்லகாலம்,
இப்போது இது சுவரில்.